சீமைக்குப் போன வழக்கு: பிரபுக்கள் சபையில் தேடினால் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துப் பாகப்பிரிவினை வழக்கு ‘சீமையில் லார்டுகள் சபை வரைக்கும் போய் ஜெயித்தது’ என்று வீட்டில் சொல்வார்கள். 1860-களில் நடந்ததாம். இணையத்தில் பிரபுக்கள் சபையின் அந்தக் கால நடவடிக்கைக் குறிப்புகளைத் தேடிப் பிடித்தேன். ஒரே நாளில் சில வழக்குகள், அப்புறம் மசோதாக்கள், மனுக்கள், நடுநடுவே லத்தீன். தாத்தா பெயரோ ஊர்ப் பெயரோ கண்ணில் படவில்லை. இதை எப்படிப் படிப்பது, வேறு எங்கே தேடுவது?
சிவகங்கை மாவட்ட வாசகர்

பதில்: நீங்கள் தேடிய இடம் வேறு, வழக்கு போன இடம் வேறு. மெட்ராஸிலிருந்து சீமைக்குப் போன சிவில் அப்பீல்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேல்சபையான பிரபுக்கள் சபைக்குப் போகவில்லை. அரசருக்கு ஆலோசனை சொல்லும் அவையான பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு, அதாவது ஜுடிஷியல் கமிட்டிக்குப் போயின. பிரபுக்கள் சபை விசாரித்தது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழக்குகளை. இந்தியா உள்ளிட்ட காலனிகளின் வழக்குகளுக்கு, 1833-ல் வந்த சட்டப்படி, ஜுடிஷியல் கமிட்டி.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மேல் தப்பில்லை. இரண்டும் லண்டனில் கூப்பிடு தூரத்தில் இருந்தவை. பிரபுக்கள் சபை வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில், ஜுடிஷியல் கமிட்டி டவுனிங் தெருவில். இரண்டிலும் உட்கார்ந்தவர்களைத் தீர்ப்பில் ‘லார்ட்ஷிப்’ என்றுதான் எழுதுவார்கள். பல நேரம் ஆளும் ஒரே ஆள். முன்னாள் லார்ட் சான்சலர் (அந்தக் காலத்தில் பிரபுக்கள் சபைக்குத் தலைமை தாங்கியவர்) வெஸ்ட்பரி பிரபுக்கள் சபையில் ஸ்காட்லாந்து அப்பீல் கேட்டவர். மெட்ராஸிலிருந்து போன அப்பாவையர், ராமசுப்பையர் வழக்கில் 1866-ல் பிரிவி கவுன்சில் தீர்ப்பைச் சொன்னவரும் அவர்தான். நிலத்தை வரப்புப் போட்டுப் பிரிக்காவிட்டாலும், இன்னாருக்கு இத்தனை பங்கு என்று எழுதிக்கொண்ட அன்றே கூட்டுக் குடும்பம் பிரிந்துவிட்டது என்ற அந்தத் தீர்ப்பைப் பாகப்பிரிவினை வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

சரி, கையில் இருக்கும் பக்கத்தைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் உதவும். சபையின் ஜர்னலில் தேதி லத்தீனில் இருக்கும். ‘டியே லூனே’ என்றால் சந்திரன் நாள், அதாவது நம் திங்கள். ‘மார்டிஸ்’ செவ்வாய், ‘மெர்குரி’ புதன், ‘ஜோவிஸ்’ வியாழன், ‘வெனெரிஸ்’ வெள்ளி. கிரகத்தின் பெயரைக் கிழமைக்கு வைக்கும் வழக்கம் நமக்கும் அவர்களுக்கும் பொது என்பதால் அகராதி தேவையில்லை. மசோதா பக்கத்தில் 1, 2, 3 என்ற எண்ணின் தலையில் குட்டியாக ஓர் ‘ஏ’ இருந்தால், அது முதல், இரண்டாம், மூன்றாம் வாசிப்பு. முதல் வாசிப்பு வெறும் சடங்கு. கொள்கையைப் பற்றிய சண்டை இரண்டாவதில் நடக்கும். மூன்றாவது முடிந்தால் அந்தச் சபையில் மசோதா நிறைவேறிய மாதிரி. மனுக்கள் என்ற தலைப்பில் இன்ன பிரபு இன்ன ஊரார் சார்பில் கொடுத்தார் என்று வரிசையாக வரும். மெட்ராஸ்காரர்கள் அந்த நாடாளுமன்றத்தின் பதிவுகளில் தட்டுப்படுவது பெரும்பாலும் இப்படி மனுதாரராகத்தான். கஜுலு லட்சுமிநரசு செட்டியின் மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன் 1852-ல் எழுதி அனுப்பிய மனு அதற்குப் பேர்போன உதாரணம்.

சட்டம் போடுகிற சபையில் அப்பீல் எதற்கு என்று நீங்கள் யோசித்திருக்கலாம். நாடாளுமன்றமே அரசரின் மிக உயர்ந்த நீதிமன்றம் என்ற பழைய எண்ணம் அங்கே சாகவில்லை. அதனால் பகலில் அதே மண்டபத்தில் கோர்ட்டு, சாயங்காலம் அதே மண்டபத்தில் சட்டசபை. பகலில் போய்ப் பார்த்திருந்தால் சிவப்புத் தோல் இருக்கைகள் காலியாகக் கிடக்கும். கம்பளி மூட்டை போன்ற ‘உல்சாக்’கில் சான்சலர், அங்கொருவர் இங்கொருவராக இரண்டு மூன்று சட்டம் படித்த பிரபுக்கள். மூன்று பேர் இருந்தால் போதும், சபை கூடியதாகக் கணக்கு. வக்கீல்கள் உள்ளே வரக் கூடாது. கடைசியில் இருக்கும் தடுப்புக் கம்பிக்கு வெளியே, விக் வைத்துக்கொண்டு நின்றபடி வாதாட வேண்டும். வாதம் முடிந்தால் ‘தீர்ப்பு’ என்று ஒன்று வாசிக்கப்படாது. ஒவ்வொரு பிரபுவும் எழுந்து உரையாற்றுவார். பிறகு மசோதாவுக்குக் கேட்பது போலவே சான்சலர் கேள்வியை வாக்குக்கு விடுவார்.

அப்படியென்றால் சட்டம் தெரியாத பிரபுவும் வாக்களிக்கலாமே? எழுத்துப்படி அவருக்கும் உரிமை இருந்தது. 1844-ல் அது வெடிக்கப் பார்த்தது. அயர்லாந்துத் தலைவர் டேனியல் ஓகானல் சதி வழக்கில் தண்டிக்கப்பட்டு, அப்பீல் சபைக்கு வந்தது. சட்டம் அறிந்த ஐந்து பேரில் மூவர் தண்டனையை ரத்து செய்யலாம் என்றனர்; லிண்ட்ஹர்ஸ்டும் புரூமும் கூடாது என்றனர். ஓகானலைப் பிடிக்காத சாதாரணப் பிரபுக்கள் வாக்களித்துக் கவிழ்த்துவிடலாம் என்று தயாராக இருந்தார்கள். அமைச்சராக இருந்த வார்ன்கிளிஃப் பிரபு எழுந்து, வேண்டாம், அப்படிச் செய்தால் இந்தச் சபையை இனி யாரும் நீதிமன்றமாக மதிக்க மாட்டார்கள் என்ற பொருளில் பேசினார். அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், ஓகானல் விடுதலையானார். அரசாங்கத்துக்குப் பிடிக்காத முடிவு வருவதற்கு அரசாங்கத்தின் ஆளே வழிவிட்டது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். சம்பளத்துக்கு நீதிபதிகளைப் பிரபுக்களாகவே நியமிக்கும் சட்டம் 1876-ல் வந்தது. கோர்ட்டு வேலை அந்தக் கட்டடத்தை விட்டே வெளியேறியது 2009-ல்.

இனி உங்கள் வேலை. வீட்டில் இருக்கும் தீர்ப்பு நகலின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். ‘மாட்சிமை தங்கிய அரசியாருக்குப் பணிவுடன் ஆலோசனை கூறுவோம்’ என்ற பொருளில் முடிந்தால் அது பிரிவி கவுன்சில். சட்டப்படி அவர்கள் சொல்வது தீர்ப்பல்ல, அரசிக்கு ஆலோசனை. பின்னால் அரசியின் ஆணையாக அது வெளிவரும். அதனால்தான் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் எழுதியிருப்பார்கள், மாற்றுக் கருத்து இருக்காது. ‘நாடாளுமன்றத்தில் கூடிய பிரபுக்களால் ஆணையிடப்பட்டது’ என்று முடிந்து, ஆளுக்கொரு உரை இருந்தால்தான் பிரபுக்கள் சபை. உங்களிடம் அப்படி இருக்க வாய்ப்பில்லை.

நகலே இல்லையென்றால், முதலில் சொத்தின் மதிப்பை விசாரியுங்கள். 1838-ல் வந்த ஆணைப்படி, வழக்கின் மதிப்பு 10,000 ரூபாய்க்குக் குறைந்தால் சாதாரணமாக லண்டனுக்கு அப்பீல் கிடையாது. தனி அனுமதி வாங்க வேண்டும். நாலைந்து ஏக்கர் புஞ்சைக்கான வழக்கு என்றால் அது மெட்ராஸ் ஹைகோர்ட்டோடு நின்றிருக்கும். வீட்டுக் கதையில் அது கப்பல் ஏறியிருக்கலாம், மன்னிக்கவும்.

மதிப்பு தேறினால், 1836 முதல் 1872 வரைக்கும் ‘மூர்ஸ் இந்தியன் அப்பீல்ஸ்’ என்ற 14 தொகுதிகளைப் புரட்டுங்கள். அதற்குப் பிறகு ‘லா ரிப்போர்ட்ஸ் இந்தியன் அப்பீல்ஸ்’. பழைய சட்ட நூலகங்களில் இருக்கும். பிரிவி கவுன்சிலின் பழைய தீர்ப்புகளை ‘பெய்லி’ (BAILII) என்ற இலவச இணையதளத்திலும் பார்க்கலாம். உங்கள் வட்டார வழக்குகளே அதில் பிரமாதமாக உண்டு. ஒன்பதாம் தொகுதியில் 1863-ல் கட்டம நாச்சியார் சிவகங்கை ஜமீனை ஜெயித்த வழக்கு; 12-ஆம் தொகுதியில் 1868-ல் ராமநாதபுரம் ராணியின் தத்தெடுப்பு செல்லும் என்ற தீர்ப்பு. அதில் எதிரே நின்றவர் மதுரை கலெக்டர். அந்தத் தத்துப்பிள்ளையின் மகன்தான் பாஸ்கர சேதுபதி.

தேடும்போது எழுத்துக்கூட்டலில்தான் இடறுவீர்கள். அங்கே முத்து ‘மூட்டூ’ ஆகியிருப்பார், மதுரை ‘மதுரா’, சிவகங்கை ‘ஷிவகுங்கா’. ஆங்கில எழுத்தை நாலு விதமாக மாற்றிப் போடுங்கள். அப்பீல் செய்தவர் பெயர் முன்னால் வரும். தாத்தா கீழ்க்கோர்ட்டில் ஜெயித்து, எதிராளி சீமைக்குப் போயிருந்தால் தாத்தா பெயர் இரண்டாவதாக இருக்கும். ஜமீன் வழக்கு என்றால் எதிர்த்தரப்பு ‘கலெக்டர்’ என்று மட்டும் இருக்கவும் கூடும்.

அச்சில் கிடைக்காவிட்டால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜுடிஷியல் கமிட்டியின் ஆவணங்கள் ‘பிசிஏபி’ (PCAP) என்ற குறியீட்டில் இருக்கின்றன. அதற்கு முன் உள்ளூரிலேயே ஒரு முயற்சி செய்யுங்கள். லண்டன் ஆணை ஹைகோர்ட்டு வழியாகக் கீழ்க்கோர்ட்டுக்கு வந்துதான் நிறைவேறியாக வேண்டும். ஆகவே அசல் வழக்கு நடந்த கோர்ட்டின் ரிக்கார்டு ரூமில் நிறைவேற்று மனு, அதாவது ஈ.பி. நம்பர் இருக்கிறதா என்று கேளுங்கள். அரசாங்கமும் வழக்கில் ஒரு தரப்பாக இருந்திருந்தால், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ரெவின்யூ போர்டு நடவடிக்கைகளைத் தாலுகா பெயரோடு, ஆண்டையும் குறிப்பிட்டுக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.