இளையோர் மிகுபுனைவு நாவலில் புராண உயிரினங்களும் குடும்பப் பாசமும் ஒட்ட மறுக்கின்றன; என்ன செய்வது?

அக்கா, தம்பி, டிராகன், நாகர்களோடு ஒரு போர் எல்லாம் இருந்தும், பாசம் ஒரு பக்கமும் உயிரினங்கள் ஒரு பக்கமுமாக நிற்கின்றன என்கிறீர்கள். கதைச் சுருக்கத்தைப் படித்தேன். உங்கள் டிராகன் வாகனமாகவும் காவலாகவும் மட்டுமே இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அங்கே வேகமான ஒரு குதிரையை நிறுத்தினாலும் முதல் பத்து அத்தியாயங்கள் அப்படியே நடக்கும்.

பழைய கதைகளில் விசித்திரப் பிறவிகள் வெளியிலிருந்து வருவதில்லை. அவை வீட்டுக்குள்ளேயே பிறக்கின்றன. மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் வரும் கத்ருவும் வினதையும் அக்கா தங்கைகள். கணவரும் ஒருவரே, காசியபர். உச்சைசிரவஸ் என்ற குதிரையின் வால் என்ன நிறம் என்று பந்தயம் கட்டுகிறார்கள். தோற்றவள் மற்றவளுக்கு அடிமை. குதிரை முழு வெள்ளை. வால் கருப்பு என்று சொன்ன கத்ரு, தோற்காமலிருக்கத் தன் பாம்புப் பிள்ளைகளை வாலில் கரிய மயிராகத் தொங்கச் சொல்கிறாள். மறுத்த பிள்ளைகளைத் தீயில் வெந்து சாகும்படி சபிக்கிறாள். பெற்ற தாய்! கருடன் அமுதத்தைக் கொண்டுவந்து தன் தாய் வினதையை மீட்பதுதான் பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதைவிட அந்தப் பாம்புக் குட்டிகளின் பக்கம்தான் சுவையானது. ஏமாற்று வேலைக்கு உடன்படுவதா, அம்மாவின் சாபத்தை வாங்கிக்கொள்வதா? பதினாறு வயதுப் பாத்திரத்துக்கு இதைவிட நல்ல இக்கட்டு எங்கே கிடைக்கும்?

கிரேக்கக் கதையிலும் இதே கதைதான். சிக்கல்வழிக்குள் அடைபட்ட காளைத்தலை மினோட்டார், இளவரசி அரியாட்னேயின் தாய் பெற்ற பிள்ளை. மினோட்டாரைக் கொல்ல வந்த தீசியஸுக்கு, வழி தவறாமல் திரும்பிவர அவள் நூலுண்டை கொடுப்பதைக் காதல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உடன்பிறந்தவனைக் கொல்ல வழிகாட்டுகிறாள் என்று சொல்லிப் பாருங்கள், நாவல் தொடங்கிவிடும்.

ஸ்காட்லாந்துக் கடலோரக் கதைகளில் வரும் செல்கி, கடலில் கடல்நாயாகவும் தோலைக் கழற்றினால் மனிதராகவும் இருக்கும். ஒருவன் அந்தத் தோலை ஒளித்துவைத்து அவளை மணந்துகொள்கிறான். பல வடிவங்களில் அந்தத் தோல் பிள்ளைகளின் கண்ணில்தான் முதலில் படுகிறது. கொடுத்தால் அம்மா கடலுக்குப் போய்விடுவாள். கொடுக்காவிட்டால் அப்பா செய்ததையே பிள்ளையும் செய்ததாகும். உயிரினத்தின் இயல்பும் குடும்பத்தின் சிக்கலும் ஒரே தோலுக்குள் இருக்கின்றன பாருங்கள்.

ஆகவே உங்கள் டிராகனுக்கு நெருப்பு, வேகம் என்று ஆற்றல்களை அடுக்குவதை நிறுத்துங்கள். உறவைச் சோதிக்கும் ஒரே ஒரு விதி போதும். உதாரணமாக, ஒவ்வொரு முறை தோல் உரிக்கும்போதும் தன்னை வளர்த்தவரை அது மறந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்த்தவன் தம்பி. அடுத்த உரிப்பு எப்போது என்று தெரிந்தவள் அக்கா மட்டும். இனி அவர்கள் பேசிக்கொள்ளும் எந்த உரையாடலும் சும்மா இருக்காது.

ஒரு சிறு முறையீடும் உண்டு. முதல் அத்தியாயத்திலேயே பெற்றோரைக் கொன்றுவிடுகிறீர்கள். எழுதுபவருக்கு வசதிதான், இரவில் வெளியே போகாதே என்று தடுக்க ஆள் இருக்காது. ஆனால் குடும்பப் பாசம் பற்றிய நாவலில் பொய் சொல்லி ஏமாற்ற ஒரு அம்மாவாவது உயிரோடு வேண்டாமா? ‘உலகைக் காக்கப் பிறந்தவள்’ என்ற ஆரூடத்தையும் தூக்கிவிடலாம். தம்பியைக் காக்கவே அவளுக்கு நேரம் போதாது.

தம்பி முட்டையை ஒளித்துவைக்கிறான் என்று சுருக்கத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அக்கா அதைக் கண்டுபிடித்தும் அம்மாவிடம் சொல்லாமல் இருக்கும் இரவை முதலில் எழுதுங்கள். நாகர்களின் போரை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.