அமலைச்செடியும் அடைமழையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் குளத்தில் அமலைச்செடியைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வருகிறேன். அப்போதெல்லாம் ஒரு மூலையில் கிடந்தது. இப்போது குளத்தையே மூடிவிடுகிறது. சாக்கடை கலப்பதுதான் காரணம் என்கிறான் என் தம்பி. வெயில் கூடிவிட்டது என்கிறார் பக்கத்து வயல்காரர். யார் சொல்வது சரி?
– வாசகர், சேரன்மகாதேவி வட்டாரம்

பதில்: இருவர் சொல்வதும் சரிதான், ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதால்தான் வழக்குத் தீரவில்லை. ஏடுகளில் ஆகாயத்தாமரை என்று எழுதப்படும் இச்செடி அமேசான் படுகையைச் சேர்ந்தது. பூவின் அழகுக்காக நாடு நாடாகக் கொண்டுபோகப்பட்டது. சாக்கடையிலும் உரம் கலந்த வயல்நீரிலும் வரும் தழைச்சத்தும் மணிச்சத்தும் அதற்குத் தீனி. 25 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பம் அது செழித்து வளர ஏற்றது. இரண்டும் கூடி அமைந்துவிட்டால் ஏறத்தாழ இரண்டே வாரங்களில் அதன் பரப்பு இருமடங்காகும். ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: பஞ்சுபோல ஊதிய இலைக்காம்பு, கறுத்துத் தொங்கும் வேர்க்கொத்து, பக்கவாட்டில் நீண்ட தண்டின் நுனியில் ஏற்கெனவே ஒரு குட்டிச்செடி.

மேலே நடப்பதைவிட அடியில் நடப்பதுதான் கவலைக்குரியது. 20 டிகிரி வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது. வெப்பத்தால் ஏற்கெனவே மூச்சு குறைந்த நீரின்மேல் இந்தப் பச்சைப் போர்வையும் விழும்போது, வெளிச்சம் கிடைக்காமல் நீரடிப் பாசிகளும் செடிகளும் ஆக்சிஜன் தருவதை நிறுத்திவிடுகின்றன. மடிந்து மூழ்கும் இலைகள் மிச்சத்தையும் அழுகலில் தின்றுவிடுகின்றன. கெண்டை வகைகள் விடியற்காலையில் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருவது இதனால்தான். அந்தக் குளத்தில் சௌகரியமாக வாழக்கூடியது ஆப்பிரிக்கக் கெளுத்தி. அந்த மீனால் காற்றையே நேரடியாகச் சுவாசிக்க முடியும். வளர்க்கக் கூடாது என்று அரசு தடை விதித்த பின்னும் பண்ணைக்குட்டைகளில் வளர்க்கப்படும் அந்த மீன், கரை உடைந்தால் ஆற்றுக்கு வந்து நம் நாட்டு மீன்களின் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கும். ஒரு வந்தேறி வீட்டைக் கெடுத்து இன்னொரு வந்தேறிக்குத் திறந்துவிடுகிறது என்றே சொல்ல வேண்டும்.

கரையை உடைக்கும் மழை நமக்குப் புதிதல்ல. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு தனி மழையை முழுவதும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுவது முறையல்ல. ஆயினும் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல். பெருமழை இன்னும் பெருமழையாவதற்கு அது இடமளிக்கிறது. அப்படி வரும் வெள்ளத்தில் அமலைச்செடி மிதந்துபோய்ப் பாலத்தூண்களிலும் மடைகளிலும் அடைத்துக்கொள்ள, தண்ணீர் போக வழியில்லாமல் ஊருக்குள் திரும்புகிறது.

கேள்வி: சீமைக்கருவை வறட்சியைத் தாங்கும் மரம். வெயில் கூடப்போகும் காலத்துக்கு அதுதானே பொருத்தம்? ஏன் வெட்டச் சொல்கிறீர்கள்?
– வாசகர், திசையன்விளை

பதில்: நியாயமான கேள்வி. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் அதை நம்பியிருக்கும் குடும்பங்களை மறந்துவிட்டுப் பேசுவதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அதன் தாங்கும் திறனே இங்கு சிக்கல். வறண்ட ஆண்டில் நாட்டு மரக்கன்றுகள் கருகுகின்றன. இதன் நெற்றை வேறு தீனி இல்லாத ஆடுமாடுகள் தின்று, புழுக்கையோடும் சாணத்தோடும் விதையைப் புறம்போக்கெங்கும் போடுகின்றன. அடுத்த மழையில் முளைத்து நிற்பது அது மட்டுமே. ஒவ்வொரு வறட்சிக்கும் அது கொஞ்சம் நிலம் பிடிக்கிறது. மேற்கே களக்காடு, முண்டந்துறை மலைகளின் பக்கம் லன்டானா எனப்படும் உண்ணிச்செடியும் இவ்வழிதான்: நீண்ட கோடையில் காய்ந்த புதர் தீயை வளர்க்கும், தீ அடங்கியதும் தூரிலிருந்து அதுவே முதலில் துளிர்க்கும். வெறுமனே வெட்டினாலும் சீமைக்கருவை நாலு கிளையாகத் தழையும் என்பதால், தூரோடு பெயர்த்த இடத்தில் அந்த மழையிலேயே வேம்பையோ உடைமரத்தையோ பனையையோ ஊன்றிவிட வேண்டும்.

கேள்வி: கோடையில் எங்கள் குளம் வற்றி அமலைச்செடி சருகாகிவிட்டது. பிசான நெல் பருவத்துக்குத் தண்ணீர் வந்ததும் மீண்டும் எங்கிருந்து வந்தது?
– வாசகர், பத்தமடை

பதில்: சேற்றிலிருந்து. அதன் விதை 15, 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். நீர் இறங்கி வண்டல் வெயில் காணும்போதுதான் அது முளைக்க வாய்ப்புக் கூடுகிறது. ஆகவே குளம் அடிக்கடி வற்றி நிரம்புவது அதற்குத் தண்டனையல்ல. ஈரச்சேற்றில் விரலளவு நாற்றாக நிற்கும் சில வாரங்களில் பிடுங்குவதே எளிது. காய்ந்த சருகைக் குளத்திலேயே விட்டால் அடுத்த செடிக்கு அது எரு. கரைக்கு அப்பால் அள்ளிப்போட வேண்டும். மேலும், மேல்குளம் நிரம்பி வழியும் மறுகால் நீர் உங்கள் குளத்துக்கு வருவதாயின், வேலையை அங்கிருந்து தொடங்குமாறு அவ்வூராரோடு முதலில் பேசுங்கள்.