கிம்பல் வாங்கியும் வீடியோ ஆடுகிறதே, ஏன்?

மூன்று அச்சு கிம்பல் (கேமராவை மோட்டார்களால் ஆடாமல் தாங்கும் கைப்பிடி) வாங்கியும், நடந்துகொண்டே எடுத்தால் படம் மேலும் கீழும் குதிக்கிறது என்கிறீர்கள். கிம்பல் நன்றாகத்தான் இருக்கும். நடையைத்தான் மாற்ற வேண்டும்.

கேமரா இடவலமாகத் திரும்புவது, குனிந்து நிமிர்வது, பக்கவாட்டில் சாய்வது, இந்த மூன்றைத்தான் கிம்பலின் மோட்டார்கள் சரிக்கட்டும். நாம் அடி வைக்கும்போது கேமரா மொத்தமாக ஓர் அங்குலம் ஏறி இறங்குகிறதே, அது இந்த மூன்றிலும் சேராது. அதை முழங்கால்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எனக்கு இது உறைத்தது மேலூர் பக்கம் ஒரு முளைப்பாரி ஊர்வலத்தில். அன்றைக்கு எடுத்ததை வீட்டில் போட்டுப் பார்த்தால், அந்த அக்காமார் தலையில் முளைப்பாரி அலுங்காமல் போகிறது, என் ஃபிரேம்தான் துள்ளுகிறது! அவர்கள் காலைக் கவனித்தேன். சின்னச் சின்ன அடி, முழங்காலில் லேசான மடிப்பு, பாதம் தொப்பென்று விழவே இல்லை. அப்புறம் ஒரு வாரம், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய சொம்பைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தேன். கீழே சிந்தியதைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அடுத்தது பேலன்ஸ். பேட்டரி, மெமரி கார்டு, மைக் எல்லாம் மாட்டி, லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு, கிம்பலை ஆன் செய்யாமலே பாருங்கள். கேமராவை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்தில் அவசரமாக லென்ஸை மாற்றிவிட்டு பேலன்ஸ் பார்க்காமல் ஓடினேன். கைப்பிடி வண்டு மாதிரி ரீங்கரித்தது. 'பரவாயில்லை' என்று விட்டேன். மாப்பிள்ளை அழைப்பின் நடுவில் மோட்டார் கைவிட்டது, கேமரா தலையைத் தொங்கப் போட்டது. அந்த ஆல்பத்தில் மாப்பிள்ளையின் செருப்பு மட்டும் தெளிவாக இருக்கிறது.

ஷட்டர் வேகம்: வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 1/50 வினாடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டப லைட்டும் மினுக்காது. வெயிலில் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போடுங்கள். லென்ஸ் அகலமாகக் காட்டும் 16 முதல் 24 எம்எம்முக்குள் இருந்தால் நல்லது. கிட்டே இழுத்துக் காட்டும் 85 எம்எம்மில் ஒவ்வோர் அடியின் ஆட்டமும் தெரியும்.

பழக வண்டியூர் தெப்பக்குளம் போங்கள். கரைச் சுவரை ஃபிரேமின் கீழ்ப்பக்கம் நெருக்கமாக வைத்து, பக்கவாட்டில் மெதுவாக நடங்கள். சுவர் விறுவிறுவென்று ஓடும், மைய மண்டபம் அசைந்தும் அசையாமல் நகரும். சினிமாத்தனம் என்று நீங்கள் தேடுவது பெரும்பாலும் இந்த வேக வித்தியாசம்தான். வெறும் வானத்தையும் தண்ணீரையும் எடுத்தால் கிம்பல் இருப்பதே தெரியாது.

ஒன்று மட்டும்: அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று கிம்பலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் முழங்கையை விரிக்கவே இடம் கிடைக்காது. நான் கேமராவை நெஞ்சோடு அணைத்து, ஒரே இடத்தில் நின்றுதான் எடுப்பேன்.