டாக்டர் பதில்கள்: எழுதும் முன் ஒரு கேள்வி

கேள்வி: என் மகள் மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறாள். "எந்தக் கிருமிக்கு எந்த ஆன்டிபயாடிக் என்று புத்தகத்தில் இருக்கிறது. வார்டிலோ காய்ச்சல் என்றாலே சீனியர்கள் ஊசி எழுதிவிடுகிறார்கள். நான் எதைப் பார்த்துக் கற்பது?" என்கிறாள். மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர் நீங்கள். என்ன சொல்வீர்கள்?

பதில்: உங்கள் மகள் கேட்டதுதான் சரியான கேள்வி. மருந்தைப் பற்றிப் புத்தகத்தில் படிக்கிறார்கள். மருந்து எழுதுவதைச் சீனியரின் கையைப் பார்த்துப் பழகுகிறார்கள். தேர்விலும் "இந்தக் கிருமிக்கு என்ன மருந்து?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறோம். "இவருக்கு ஆன்டிபயாடிக் தேவையா?" என்று கேட்பது அபூர்வம். அதனால் மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

என் வகுப்பில் இப்படி ஆரம்பிப்பேன். ஓர் இளைஞர்: தொண்டை வலி, மூக்கொழுகல், இருமல், காய்ச்சல். "என்ன எழுதுவாய்?" என்றால் அசித்ரோமைசின் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சரி, கழுத்தைத் தொட்டுப் பார்த்தாயா? நெறிகட்டி வலிக்கிறதா? டான்சிலில் சீழ் படிந்திருக்கிறதா? தொண்டை வலிக்குக் காரணம் பாக்டீரியாவாக இருக்குமா என்று கணிக்க 1981-இல் வந்த சென்டார் அளவுகோல் பார்ப்பது நான்கே விஷயங்கள்: காய்ச்சல், கழுத்தின் முன்பக்கம் வலிக்கும் நெறி, டான்சிலில் சீழ், இருமல் இல்லாதது. தொட்டுப் பார்த்தால் நெறியும் இல்லை, சீழும் இல்லை. இருமலோ இருக்கிறது. ஆக, ஒன்றுதான் தேறும். வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்புறம்தான் கஷ்டமான பாடம். இன்னொரு மாணவர் நோயாளியாக உட்கார்ந்து, "நல்ல மாத்திரையா எழுதுங்க டாக்டர், நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்பார். அவரிடம் சொல்ல வேண்டியது: "இது வைரஸ் மாதிரிதான் தெரியுது, ஆன்டிபயாடிக்குக் கேட்காது. வலிக்கு பாராசிட்டமால் போதும். இருமல் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கலாம். மூச்சு வாங்கினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ உடனே வாங்க." இதை அவசரமில்லாமல், கண்ணைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த மாணவியை, மருந்துப் பெயர்களைக் கடகடவென ஒப்பிப்பவரைவிட மேலாக மதிக்கிறேன்.

வார்டு வேறு. செப்சிஸ், அதாவது தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் ஆபத்தான நிலை, என்று பலமாகச் சந்தேகம் வந்தால் தயங்கக் கூடாது. ரத்தத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கியாக வேண்டும். ஆனால் கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயருக்குப் பக்கத்திலேயே என்ன காரணம், எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது என்று இரண்டும் இருக்க வேண்டும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட்டையும் நோயாளியையும் சேர்த்துப் பார்த்து, நிறுத்துவதா, மாத்திரைக்கு மாற்றுவதா என்று முடிவெடுக்க வேண்டும். நடைமுறையில் தொடங்குபவர் ஒருவர், ரிப்போர்ட் வரும்போது டியூட்டியில் இருப்பவர் வேறொருவர். நிறுத்த யாரும் துணிவதில்லை, மருந்து பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் உங்கள் மகளுக்கு வேலை இருக்கிறது. சீனியரை எதிர்த்துப் பேச வேண்டாம். "சார், கல்ச்சர் ரிப்போர்ட் வந்துடுச்சு, செஃப்ட்ரியாக்சோன் தொடரணுமா?" என்று கேட்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாடிக்குகளை ஆக்சஸ் (முதலில் எடுக்க வேண்டியவை), வாட்ச் (கவனமாகப் பயன்படுத்த வேண்டியவை), ரிசர்வ் (கடைசி ஆயுதமாக வைத்திருக்க வேண்டியவை) என மூன்றாகப் பிரித்தது. அமாக்ஸிசிலின் முதல் வகை, அசித்ரோமைசினும் செஃப்ட்ரியாக்சோனும் இரண்டாவது, கொலிஸ்டின் கடைசி. தினமும் தான் பார்க்கும் மருந்து எந்த வகை என்று அவள் குறித்து வந்தாலே கண் திறந்துவிடும்.

கேள்வி: "கோர்ஸை முழுதாக முடிக்க வேண்டும்" என்று இன்னும் கற்றுத் தருகிறீர்களா?

பதில்: "சரியான நாள் கணக்கை எழுது" என்று கற்றுத் தருகிறேன். சமூகத்தில் தொற்றிய சாதாரண நிமோனியாவில் நோயாளி நன்றாகத் தேறிவந்தால் பெரும்பாலும் 5 நாள் போதும். காசநோய்க்கு மாதக்கணக்கில் வேண்டும். நோயாளி தானாக நிறுத்தக் கூடாது. சீக்கிரம் சரியாகிவிட்டால் டாக்டரிடம் கேட்கலாம், கேட்பதில் தவறே இல்லை.