மடக்கு மேசையில் கை சுட்டது: விமான நிறுவனத்தின் படிவத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. அண்ணாவைப் பார்க்க ரொறன்ரோ போய், ஒரு வளைகுடா நகரத்தில் விமானம் மாறித் திரும்பி வந்தார். இருக்கைக்கு முன்னாலிருந்த மடக்கு மேசையில் வயர் இல்லாமலே போனுக்குச் சார்ஜ் ஏறும் வசதி இருந்தது. ஒரு பணிப்பெண்தான் போனை வாங்கி அந்த இடத்தில் வைத்துக் காட்டினாராம். அம்மா தூங்கிவிட்டார். கருகின மணத்துக்கு எழும்பிப் போனைத் தூக்கியபோது, கவரின் பின்னால் ஒட்டியிருந்த உலோக விரல்வளையம் சுட்டு, வலது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கொப்பளித்துவிட்டன. இன்னொரு பணிப்பெண் ஐஸ் கொடுத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் அம்மாவை ஏசினார். போன் செத்துவிட்டது. காலமான அப்பாவின் குரல் பதிவுகள் அதில்தான் இருந்தன. பத்தொன்பது மாதமாக மின்னஞ்சல் எழுதுகிறேன். வளையம்தான் சூடேறியிருக்கும் என்று நானே ஒன்றில் எழுதியிருந்தேன். இப்போது 250 டொலர் வவுச்சர் தருவதாகச் சொல்லி ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். போனைக் கடையில் காட்டி அறிக்கை வாங்கித் தரும்படியும் கேட்கிறார்கள். மூன்று மாதம் அம்மாவால் பிளவுஸ் தைக்கவும் முடியவில்லை. ஆறு கோடி கேட்கலாம் என்று அண்ணா சொல்கிறார். அந்தப் பணிப்பெண்மீது நடவடிக்கை எடுக்க முடியுமா? அப்பாவின் குரலுக்கு நட்டஈடு கிடைக்குமா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். அம்மாவையும் கையெழுத்திட விடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி போனைப் பற்றியது, பணிப்பெண்ணைப் பற்றியது, அப்பாவின் குரலைப் பற்றியது. ஆனால் வழக்கு என்று ஒன்று இருந்தால் அது அம்மாவின் இரண்டு விரல்களில்தான் இருக்கிறது. தைக்க முடியாமல் போனதை ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நீதிமன்றம் முதலில் கேட்கப்போவது அந்த வரியைத்தான்.

சர்வதேச விமானப் பயணத்தில் விமான நிறுவனத்தின் பொறுப்பை வகுக்கும் 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் சமவாயம் 2019 ஜனவரியிலிருந்து இலங்கையிலும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் உறுப்புரை உடலையும் உடைமையையும் வேறுவேறாக நடத்துகிறது. பயணியின் உடலில் காயம் என்றால், விமானத்துக்குள் நடந்த ஒரு விபத்தால் அது நேர்ந்தது என்று காட்டினால் போதும். பிழை யாருடையது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. கையில் கொண்டுபோன பொருள் சேதமானால் கதை வேறு: விமான நிறுவனத்தின் அல்லது அதன் ஊழியரின் பிழையால்தான் சேதமானது என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஆக, பத்தொன்பது மாதமாக நீங்கள் கடினமான பக்கத்திலிருந்து சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

விபத்து என்றால் விமானம் விழ வேண்டும், குலுங்கவாவது வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 2019 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு உங்கள் கதைக்கு மிகக் கிட்ட வருகிறது. மயோர்க்காவிலிருந்து வியன்னாவுக்குப் போன விமானத்தில், தகப்பனின் மடக்கு மேசையில் வைத்த சூடான கோப்பி சரிந்து பக்கத்திலிருந்த சிறுமியைச் சுட்டுவிட்டது. மேசையில் பழுதா, விமானம் அதிர்ந்ததா என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. பறப்பதோடு சம்பந்தப்பட்ட ஆபத்தால் வந்த காயம் அல்லவே என்று நிறுவனத் தரப்பு வாதாடியது. அப்படி ஒரு தொடர்பு தேவையில்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. கொழும்பு நீதிமன்றத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதே சமவாயத்தின் அதே சொல்லை விளக்கும் தீர்ப்பு என்பதால் வாதத்தில் அதற்கு எடை உண்டு. நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கும் அது தெரிந்திருக்கும்.

பணிப்பெண் ஏசியது அவமானம்தான், ஆனால் உடற்காயம் அல்ல. தண்டனையாக அறவிடும் நட்டஈட்டையும் சமவாயத்தின் 29ஆம் உறுப்புரை மறுக்கிறது. அதை விடுங்கள். உங்களுக்கு உதவப்போவது மற்றப் பணிப்பெண், போனைக் கையால் வாங்கி மேசையில் வைத்துக் காட்டியவர். அவரைப் பற்றி இதுவரை அனுப்பிய எந்த மின்னஞ்சலிலாவது எழுதினீர்களா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால், அம்மா நினைவில் வைத்திருப்பதை இப்போதே அவருடைய சொற்களில் தமிழில் எழுதி, ஒரு சத்தியக் கடதாசியாக முடித்து வையுங்கள்.

அப்பாவின் குரலுக்குச் சட்டத்தில் விலை இல்லை. இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவுகள் வாட்ஸ்அப்பில் வந்தவை என்றால், அண்ணாவின் போனிலும் சொந்தக்காரரின் போன்களிலும் முதலில் தேடுங்கள். நீதிமன்றத்தால் தர முடியாததை ஒரு பழைய குடும்பக் குழு தரக்கூடும்.

இனி அந்த வளையம். மேசைத் தட்டின் அடியிலுள்ள கம்பிச் சுருளிலிருந்து வேகமாகத் திசை மாறும் காந்தப்புலம் வருகிறது. போனுக்குள் இருக்கும் சுருள் அதை மின்சாரமாக வாங்கிக்கொள்கிறது. நடுவில் ஓர் உலோகத் துண்டு இருந்தால் அதிலும் மின்னோட்டம் தூண்டப்பட்டுச் சூடேறும். நிறுவனம் இதைப் பிடித்துக்கொண்டு, சமவாயத்தின் 20ஆம் உறுப்புரையின் கீழ் பயணியின் கவனயீனம் என்று சொல்லி, தன் பொறுப்பைக் குறைக்கவோ முழுதாகக் கழற்றவோ பார்க்கும். உங்கள் மின்னஞ்சல் அதற்கு வழி திறந்து கொடுத்திருக்கிறது. இனி காரணத்தை ஊகித்து ஒரு வரிகூட எழுதாதீர்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

ஆனால் அதே வளையம் அவர்களுக்கு எதிராகவும் பேசும். வயர் இல்லாமல் சார்ஜ் ஏற்ற இன்றைய போன்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் ‘சீ’ (Qi) தரத்திலேயே, இடையில் அந்நிய உலோகம் இருப்பதை உணர்ந்து மின்சாரத்தை நிறுத்தும் ஏற்பாடு உண்டு. வளையம் கை சுடும் அளவுக்குச் சூடேறியிருந்தால் அந்த ஏற்பாடு என்ன செய்துகொண்டிருந்தது? உலோகம் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை மேசையில் இருந்ததா? எந்த மொழியில்? கவரோடு வாங்கி வைத்த பணிப்பெண்ணுக்கு அது தெரியாதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் அந்த இருக்கையின் பராமரிப்புப் பதிவேட்டிலும் பணியாளர் எழுதிய சம்பவ அறிக்கையிலும் இருக்கும். இரண்டையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி, இருக்கை இலக்கமும் திகதியும் குறிப்பிட்டு, உடனே எழுத்தில் கேளுங்கள்.

இதனால்தான் போனைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்கிறேன். கொள்ளுப்பிட்டியிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு தம்பி நல்ல மனதோடு பின்பக்கத்தைச் சூடாக்கிக் கழற்றி, பற்றரியை மாற்றிப் பார்த்து, அரைப் பக்கத்தில் ‘பற்றரி பழுது’ என்று எழுதித் தருவார். அந்தத் தாள் நிறுவனத்துக்குத்தான் சான்று. திறந்த பிறகு உள்ளே இருந்த தடயமும் போய்விடும். எத்தனையோ கட்சிக்காரர் இப்படித்தான் தங்கள் சான்றைத் தங்கள் செலவிலேயே அழித்துவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். போனையும் கவரையும் வளையத்தையும் அப்படியே வையுங்கள். சூடேறிப் பழுதான பற்றரி என்பதால் துணிகளுக்கு நடுவில் வைக்காமல், எரியாத ஒரு பாத்திரத்தில் தனியாக வையுங்கள். பரிசோதனை வேண்டுமென்றால் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபுணர், இரு தரப்பும் பார்த்திருக்க, எழுத்து உடன்பாட்டோடு திறக்கட்டும்.

மிகப் பெரிய ஆபத்து இன்னும் வரவில்லை. அது நாட்காட்டி.

35ஆம் உறுப்புரையின்படி, விமானம் சேருமிடத்துக்கு வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தாக்கல் செய்யாவிட்டால் நட்டஈடு கேட்கும் உரிமையே அழிந்துவிடும். உங்களிடம் மீதி ஐந்து மாதம். ‘ரிக்கற் எழுத்து ஒப்பந்தம்தானே, ஆறு வருடம் இருக்கிறதே’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காலவரையறை பற்றிய 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் சர்வதேச விமானப் பயணத்தில் நேர்ந்த காயத்துக்கு எந்தப் பெயரில் வழக்கு எழுதினாலும் சமவாயத்தின் எல்லைக்குள்தான் நிற்க வேண்டும். உள்நாட்டுக் கடன் வழக்கில், எதிராளி கடனை ஏற்று எழுதிய ஒரு கடிதம் காலத்தைப் புதிதாகத் தொடக்கிவிடும். அந்தப் பழக்கத்தை நம்பி, ‘உங்கள் முறைப்பாடு பரிசீலனையில் உள்ளது’ என்ற மின்னஞ்சல்களைச் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் பலர். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் போனாலும், நிறுவனம் எவ்வளவு மரியாதையாகப் பதில் எழுதினாலும், காலம் நிற்கப்போவதில்லை. வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு அவசரம் எதுவும் இல்லை. கடைசி நாள் போயா தினத்தில் விழுந்தால் மறுநாள் போடலாமா என்று சோதித்துப் பார்க்கும் வழக்காளியாக அம்மாவை ஆக்காதீர்கள்.

அடுத்து அந்தப் படிவம். போனுக்காக 250 டொலர் என்றுதான் மின்னஞ்சல் சொல்லும். படிவத்தைக் கீழே வரை வாசியுங்கள். ‘இப்பயணத்திலிருந்து எழும் சகல கோரிக்கைகளுக்கும் முழுமையான இறுதித் தீர்வு’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தால், போனோடு விரல்களும் போய்விட்டன. பேனாவால் கையெழுத்திடவில்லை, இணைப்பை அழுத்தி ஏற்றதுதான் என்று பிறகு சொல்வதும் எடுபடாது. 2006 ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இலத்திரனியல் ஒப்புதலுக்கும் சட்ட வலு தருகிறது. வவுச்சரைப் பாவித்து ஒரு ரிக்கற் எடுத்தால் அதையே ஒப்புதல் என்று வாதாட இடமுண்டு. அண்ணா ஆசையில் பாவித்துவிடக் கூடும். அவருக்கும் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. எல்லா மின்னஞ்சலும் உங்கள் பெயரில் போயிருக்கிறது. காயப்பட்ட பயணி அம்மா. கோரிக்கை அவருடையது. உங்களுக்கு அற்றோணித் தத்துவம் தந்து நீங்கள் நடத்தலாம், ஆனால் வழக்காளி அவர்தான். ரொறன்ரோ போய்வரும் ரிக்கற் கொழும்பில் தொடங்கியதால், சமவாயத்தின் கணக்கில் சேருமிடமும் கொழும்புதான். வழக்கை இலங்கையிலேயே போடலாம், கனடாவுக்கோ வளைகுடாவுக்கோ அலைய வேண்டாம். ரிக்கற்றை ஒரு நிறுவனம் விற்று, விமானத்தை இன்னொன்று ஓட்டியிருந்தால் இரண்டு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆறு கோடி. அண்ணா எங்கே பார்த்தார் என்று விளங்குகிறது. உடற்காயத்துக்கு 28.12.2024 முதல் இருக்கும் எல்லை 151,880 சிறப்பு எடுப்பனவு உரிமை அலகுகள். சர்வதேச நாணய நிதியத்தின் அந்த அலகை ரூபாவுக்கு மாற்றினால் ஏறக்குறைய அந்தத் தொகை வரும். ஆனால் அது அம்மாவுக்குக் கிடைக்கும் தொகை அல்ல. நிரூபித்த நட்டத்துக்கு, பயணியின் கவனயீனம் தவிர்ந்த வேறு சாட்டுச் சொல்லித் தப்ப முடியாதபடி நிறுவனம் பொறுப்பேற்கும் எல்லை அது. நட்டம் எவ்வளவு என்பதை ரூபாவும் சதமுமாக நீங்கள்தான் காட்ட வேண்டும். பயணப் பொதிக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு, 1,519 அலகுகள். கையில் கொண்டுபோன போன் என்பதால் அங்கே பிழையையும் காட்ட வேண்டும், பழைய போனுக்குப் புதுப் போனின் விலையும் வராது.

ஆகவே என் ஆலோசனை சமரசம். வெளிப்படையாகச் சொல்கிறேன்: இரண்டு விரல் தீக்காயத்துக்காக 61 வயதில் ஒரு பெண்ணை வருடக்கணக்காக நீதிமன்றப் படியேற வைப்பது அவருக்குச் செய்யும் நன்மை அல்ல. ஆனால் சமரசம் 250 டொலர் வவுச்சருக்கும் அல்ல. மருத்துவச் செலவு, மருந்துச் சீட்டுகள், காயத்தின் படங்கள், விரல்களின் இன்றைய நிலை பற்றி ஒரு வைத்திய அறிக்கை, எல்லாவற்றுக்கும் மேலாக அம்மாவின் தையல் கொப்பி. யார் எத்தனை பிளவுஸ் கொடுத்தார்கள், கூலி எவ்வளவு என்று எழுதும் அந்தக் கொப்பிதான் மூன்று மாத வருமான இழப்புக்குச் சான்று. அதில் காயத்துக்கு முந்திய மாதங்களின் பக்கங்களையும் பிரதி எடுங்கள். வலிக்கும் தழும்புக்கும் ஒரு நியாயமான தொகை சேர்த்து, பணமாகக் கேளுங்கள், வவுச்சராக அல்ல. போனைப் பேரத்தின் கடைசியில் விட்டுக்கொடுக்கும் பொருளாக வைத்திருங்கள்.

அவர்கள் எழுத்தில் தரும் தொகையை வீம்புக்காக மறுக்கவும் வேண்டாம். வழக்குக்கு முன் எழுத்தில் தந்த தொகையைவிட நீதிமன்றம் கூடுதலாகத் தீர்க்காவிட்டால், அந்த எல்லைகளுக்கு மேலாக வழக்குச் செலவு கேட்க 22ஆம் உறுப்புரை தரும் வழி அடைபட்டுவிடும். நியாயமான தொகையை மறுத்து வழக்காடி, அதே தொகையை வென்று, செலவைத் தன் கையால் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரமே ஒரு சட்டத்தரணி மூலம் அம்மாவின் பெயரில் கோரிக்கைக் கடிதம் போகட்டும், கொழும்பு அலுவலகத்துக்கும் தலைமை அலுவலகத்துக்கும். பதிலுக்கு ஆறு வாரம் கொடுங்கள். நல்ல தொகை வந்தால் படிவத்தை அம்மாவுக்குத் தமிழில் முழுதாக வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து. வராவிட்டால் பேச்சு நடந்துகொண்டிருந்தாலும் பரவாயில்லை, இருபத்துமூன்றாவது மாதம் முடிவதற்குள், நீதிமன்ற விடுமுறையையும் கணக்கில் எடுத்து, மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். வழக்குப் போட்ட பிறகும் சமரசம் பேசலாம்.