இன்ஸ்டாவில் போட்ட பதிவு கூகுளில் வருமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சுங்குடிப் புடவை விற்கிறேன். என் இன்ஸ்டாகிராம் பதிவுகள் கூகுளில் தட்டுப்படுவதே இல்லை. ஏன்?

பதில்: முதலில் கணக்கின் வகையைப் பாருங்கள். 2025 ஜூலை 10 முதல் 18 வயது நிரம்பியவர்களின் பப்ளிக் புரொஃபஷனல் (பிசினஸ் அல்லது கிரியேட்டர்) கணக்குகளில் உள்ள படங்களும் ரீல்ஸும் தேடுபொறிகளில் வர வழி செய்திருக்கிறார்கள். உங்களுடையது பர்சனல் கணக்கு என்றால் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. பிறகு அக்கவுண்ட் பிரைவசிக்குள் போய், தேடல் முடிவுகளில் காட்ட அனுமதிக்கும் பட்டன் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதோடு வேலை முடிவதில்லை. "புது வரவு! விலைக்கு டிஎம் பண்ணுங்க" என்று கேப்ஷன் போட்டால் யார் தேடி வருவார்கள்? "சின்னாளப்பட்டி சுங்குடி காட்டன் புடவை, மெரூன், 5.5 மீட்டர், பிளவுஸ் துணியுடன்" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். பலர் தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுவதால், அடுத்த வரியில் அப்படியும் ஒருமுறை எழுதுங்கள். விலையைப் படத்துக்குள் மட்டும் பதிக்காமல் கேப்ஷனிலும் போடுங்கள். புரொஃபைலில் 'நேம்' என்ற இடத்தில் கடைப் பெயரோடு 'சுங்குடிப் புடவை' என்றும் சேருங்கள். 14 நாளில் இரண்டு தடவைதான் அதை மாற்ற முடியும், எழுத்துப்பிழை பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.

கேள்வி: கூகுளில் ஏறிவிட்டதா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' (site) என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் புரொஃபைல் முகவரியை ஒட்டுங்கள். இது முழுப் பட்டியலைத் தராது. ஒன்றிரண்டு பதிவு விடுபட்டால் பதற வேண்டாம். வெப்சைட் வைத்திருப்பவர்களுக்காக கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் இன்ஸ்டா இணைப்பைக் கொடுத்துப் பயனில்லை, அந்தத் தளம் உங்களுக்குச் சொந்தமில்லையே. சொந்த வெப்சைட் இருந்தால் அதிலிருந்து முக்கியமான பதிவுகளுக்கு லிங்க் கொடுங்கள்.

கேள்வி: யூடியூப் டிஸ்கிரிப்ஷனில் நேரம் குறித்தும் வீடியோ சாப்டர்களாக, அதாவது தலைப்பு வாரியான பகுதிகளாக, பிரியவில்லையே?

பதில்: முதல் குறிப்பு 0:00 ஆக இருக்க வேண்டும். 0:15 என்று ஆரம்பிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. குறைந்தது 3 குறிப்புகள், ஏறுவரிசையில், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையாமல் இருக்கட்டும். வீடியோ அன்லிஸ்டடில் (லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் முறையில்) இருந்தால் தேடலில் வராது.

கேள்வி: அழித்த பதிவு இன்னும் கூகுளில் தெரிகிறது.

பதில்: கூகுளின் 'ரிஃப்ரெஷ் அவுட்டேட்டட் கன்டென்ட்' பக்கத்தில் அந்த இணைப்பை ஒட்டி விண்ணப்பியுங்கள். கூகுள் கணக்கு இருந்தால் போதும்.