பீடம் பிரித்தால் போதுமா?

கேள்வி: உயர்தரம் முடித்தும் பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத பிள்ளைகளுக்காக, பல்கலைக்கழகம் போலவே ஓர் இணையக் கற்றல் தளம் தொடங்கினோம். மூடில் (Moodle) என்ற இணையக் கற்றல் மென்பொருளில் பீடம், துறை, பாடநெறி என்று பிரித்து விரிவுரைக் காணொளிகளையும் ஏற்றினோம். முதல் மாதம் நூறு பேர் வந்தார்கள். இப்போது பத்துப் பேர்தான். எங்கே பிழை?
— வாசகி, உப்புவெளி

பதில்: பீடமும் துறையும் நிர்வாகத்துக்கு வேண்டியவை. பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பது வார அட்டவணையும், டியூட்டோரியல் என்ற சிறு கலந்துரையாடல் குழுவும்தான்.

இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணி நேரக் கற்றல். 3 கிரெடிட் பாடநெறிக்கு 150 மணி. 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 10 மணி. விரிவுரைக்கு 2, டியூட்டோரியலுக்கு 1, வாசிப்புக்கு 3, பயிற்சிக்கும் ஒப்படைக்கும் 4 என்று வையுங்கள். காணொளி மட்டும் ஏற்றினால் மிச்ச 8 மணி நேரமும் பிள்ளைக்கு வேலையே இல்லை. பிறகு எதற்குத் திரும்பி வரும்?

நூறு பேருக்கும் ஒரே கலந்துரையாடல் களம் திறந்தால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். 12 முதல் 15 பேர் கொண்ட குழுக்களாக்கி, மூடிலில் 'தனித்தனிக் குழுக்கள்' அமைப்பைப் போடுங்கள். திங்கட்கிழமை ஒரு கேள்வி, வியாழன் இரவுக்குள் பதில், சனிக்கிழமைக்குள் ஆசிரியரின் குறிப்பு. அந்தக் குறிப்பு ஒரு வாரம் தவறினாலே குழு சோர்ந்துவிடும். ஆசிரியர் கையில் எத்தனை குழுக்களுக்கு நேரம் இருக்கிறதோ, அத்தனை பிள்ளைகளை மட்டும் சேருங்கள்.

மூதூரிலும் குச்சவெளியிலும் டேட்டா கார்டை நம்பிப் படிக்கிற பிள்ளைகளுக்கு, விரிவுரையை 64 கேபிபிஎஸ் ஒலிப்பதிவாகவும் கொடுங்கள். ஒரு மணி நேரம் 29 எம்பிக்குள் அடங்கும். கோப்பை மூடிலிலேயே ஏற்றினால் மூடில் செயலியில் தரவிறக்கி வைக்கலாம். யூடியூப் இணைப்பை அப்படி வைக்க முடியாது.

பட்டம் வழங்க அரச அங்கீகாரம் வேண்டும். அதுவரை 'சான்றிதழ்' என்றே விளம்பரம் செய்யுங்கள், பெற்றோர் ஏமாறக்கூடாது.

கேள்வி: இணையப் பரீட்சையின் நடுவில் கரண்ட் போனால் எழுதியது போய்விடுமா?
— வாசகர், கிண்ணியா

பதில்: மூடிலின் வினாடிவினா அமைப்பில் 'நேரம் முடிந்தால்' என்ற இடத்தைப் பாருங்கள். 'முடிவதற்குள் சமர்ப்பிக்காவிட்டால் கணக்கில் இல்லை' என்று இருந்தால் பிள்ளையின் உழைப்பு வீண். 'தானாகச் சமர்ப்பி' என்று மாற்றுங்கள். அதுவரை சேமிக்கப்பட்ட விடைகளைச் சேவையகத்தின் கிரான் வேலை (குறித்த இடைவெளியில் தானாக ஓடும் பின்னணிப் பணி) எடுத்துச் சமர்ப்பிக்கும். ஆனால் கிரான் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவேண்டும். அது நின்றிருந்தால் விடைத்தாள் அந்தரத்தில் தொங்கும். பரீட்சைக்கு முதல்நாள் மாதிரி வினாடிவினா ஒன்றைத் தொடங்கி, இரண்டு விடை எழுதி, சேமிக்க இரண்டு நிமிடம் விட்டு இணைப்பைத் துண்டியுங்கள். நேரம் முடிந்ததும் அந்த விடைகள் பதிவாகியிருந்தால் பயமின்றிப் பரீட்சை வைக்கலாம்.